எக்ஸ்5-ஆ, ஜிஎல்இ-யா? தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் சொகுசு எஸ்யூவி வாங்கப்போகிறவர்களுக்கு

பிஎம்டபிள்யூ எக்ஸ்5 நல்லதா, மெர்சிடிஸ் ஜிஎல்இ நல்லதா என்று கேட்டால் இரண்டுமே நல்ல வண்டிதான், இந்த விலைக்கு மட்டமான வண்டியை யாரும் செய்து விற்பதில்லை. ஷோரூமில் குளிரூட்டிக்குக் கீழே புதுத்தோல் வாசனையோடு உட்கார்ந்து பார்த்தால் கடைசியாக எதில் உட்கார்ந்தீர்களோ அதுதான் பிடிக்கும். இரண்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் டயர் கடையிலும், இன்சூரன்ஸ் கோட்டேஷனிலும், வங்கித் தாளிலும், உங்கள் வீட்டு கேட்டிலும்தான் தெரியும். ஆகவே ஒப்பிடும் வேலையை அங்கிருந்து தொடங்கி, ஷோரூமுக்குக் கடைசியில் போங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. உதாரணத்துக்கு இந்த இரண்டு வண்டிகளையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அம்ஷ்லாங்கா பக்கம் போனால் கண்ணில் படுவதில் பாதி இவைதான். உங்கள் மனதில் வால்வோ எக்ஸ்சி90-யும் ஆடி க்யூ7-உம் இருந்தாலும் வழி இதேதான்.

எதை எதோடு வைத்துப் பார்க்கிறீர்கள்

பெயரை வைத்து ஒப்பிடாதீர்கள். எக்ஸ்டிரைவ்30டி, ஜிஎல்இ 300டி என்று இரண்டு பெயர்களும் ஒரே மாதிரி ஒலிக்கும், விலையும் கிட்டத்தட்ட வரும், ஆனால் பானட்டைத் திறந்தால் எக்ஸ்5-இல் இருப்பது 3 லிட்டர் ஆறு சிலிண்டர் டீசல், ஜிஎல்இ 300டி-யில் இருப்பது 2 லிட்டர் நாலு சிலிண்டர். 2023-இல் முகம் மாற்றி வந்த பிறகு எக்ஸ்5 30டி 219 கிலோவாட் சக்தியும் 670 நியூட்டன் மீட்டர் இழுவையும் தருகிறது. 300டி தருவது 198-உம் 550-உம். மெர்சிடிஸில் ஆறு சிலிண்டர் டீசல் வேண்டுமென்றால் 450டி-க்குப் போகவேண்டும், அது 270 கிலோவாட், 750 நியூட்டன் மீட்டர், விலையும் அதற்கேற்ப ஏறும். "ஜிஎல்இ கொஞ்சம் மலிவு" என்று யாராவது சொன்னால் எந்த ஜிஎல்இ என்று கேளுங்கள்.

இதனால் 300டி மோசம் என்று ஆகிவிடாது. ஃபீனிக்ஸிலிருந்து கேட்வே மாலுக்கும், பிள்ளைகளின் பள்ளிக்கும், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் போகிற வண்டிக்கு அது தாராளமாகப் போதும். மாதம் இரண்டு தடவை என்3 நெடுஞ்சாலையில் ஜோஹன்னஸ்பர்க் போய் வருகிறவர், லாரி வரிசைக்கு நடுவில் கீ ரிட்ஜ் ஏற்றத்தில் முந்தவேண்டியவர், ஆறு சிலிண்டருக்குக் கொடுக்கும் பணத்தை வீண் என்று நினைக்கமாட்டார். ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்று மெலிந்து இன்ஜின் திணறும் என்ற பழைய பயத்தை விட்டுவிடலாம். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின்களுக்கு அது பெரிய பிரச்சினை, இந்த டர்போ டீசல்களுக்கு அவ்வளவாக இல்லை.

அடுத்தது ஆப்ஷன் பட்டியல். டெமோ வண்டியில் ஏர் சஸ்பென்ஷன், கண்ணாடியில் தெரியும் ஹெட்-அப் டிஸ்ப்ளே, காற்று வரும் இருக்கை, பெரிய கூரைக் கண்ணாடி எல்லாம் இருக்கும். நீங்கள் கையெழுத்துப் போடும் விலையில் அதில் பாதி இருக்காது. ஒரு தாளை எடுத்து உங்களுக்குக் கட்டாயம் வேண்டியவற்றை மட்டும் எழுதி, இரண்டு வண்டியிலும் அவற்றைச் சேர்த்த பிறகு என்ன விலை என்று கேளுங்கள். டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்துக்குக் காற்று வரும் இருக்கை வேண்டும் என்பேன், சாத்தும்போது தானாக இழுத்துக்கொள்ளும் கதவு எதற்கு என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. விலைப்பட்டியலில் கார்பன் வரி சேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள், சேர்க்காமல் அச்சடிப்பது இங்கே வழக்கம்.

வீட்டில் ஒரு டேப்பை எடுங்கள்

சிரிக்காதீர்கள், இதில் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். பக்கக் கண்ணாடி நீங்கலாக எக்ஸ்5-இன் அகலம் 2 மீட்டருக்குச் சற்று மேல், ஜிஎல்இ சுமார் 1.95 மீட்டர்; கண்ணாடியை விரித்தால் இரண்டுமே 2.15 மீட்டரைத் தாண்டிவிடும். ஒற்றைக் கராஜ் கதவு பொதுவாக 2.44 மீட்டர். உள்ளே போய்விடும், ஆனால் போன பிறகு கதவைத் திறந்து இறங்க இடம் இருக்கிறதா, பக்கத்துச் சுவரில் அடுக்கியிருக்கும் அரிசி மூட்டையும் பழைய கிரிக்கெட் சாமானும் எங்கே போகும் என்று பாருங்கள். நீளமும் இரண்டுக்கும் 4.9 மீட்டருக்கு மேல். சாட்ஸ்வொர்த்தில் மேட்டில் கட்டிய வீடுகளில் சாலையிலிருந்து டிரைவ்வே செங்குத்தாக இறங்கும், அங்கே முன் பம்பரின் அடிப்பகுதி தேயுமா என்பதை டெமோ வண்டியைக் கொண்டுவந்து ஏற்றி இறக்கித்தான் தெரிந்துகொள்ள முடியும். கேட்டால் கொண்டுவருவார்கள். கொண்டுவரமாட்டேன் என்கிற விற்பனையாளரிடம் இவ்வளவு பணத்தைக் கொடுக்கவேண்டிய அவசியம் இல்லை.

டிக்கி விஷயத்தில் 650 லிட்டர், 630 லிட்டர் என்ற கணக்கை மறந்துவிடுங்கள், அந்த 20 லிட்டர் கண்ணுக்கே தெரியாது. திறக்கும் விதம்தான் வேறு. எக்ஸ்5-இன் பின்கதவு மேலே பாதி, கீழே பாதி என்று பிரிந்து திறக்கும். கீழ்ப்பாதி பெஞ்சு மாதிரி நிற்பதால் கடற்கரையில் உட்கார்ந்து பன்னி சாவ் (ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பியது) சாப்பிட அதைவிட வசதி கிடையாது. ஆனால் கோயில் அன்னதானத்துக்குப் பெரிய பிரியாணிப் பாத்திரத்தை ஏற்றும்போது அந்தப் பலகையைத் தாண்டிக் குனிந்து உள்ளே தள்ளவேண்டும், இடுப்புக்கு நல்லதில்லை. ஜிஎல்இ-யில் ஒரே கதவு, நேராகத் தூக்கி வைத்துவிடலாம், தாழ்ந்த கூரை உள்ள கராஜில் மட்டும் கதவு எவ்வளவு உயரம் திறக்கவேண்டும் என்று அமைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு இருக்கை வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டிலும் மூன்றாவது வரிசை போட்டுத் தருவார்கள், இரண்டிலும் அது சின்னப் பிள்ளைகளுக்குத்தான். பெரியவர்கள் உட்காரவேண்டும் என்றால் எக்ஸ்சி90-ஐப் போய்ப் பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது

இரண்டையும் ஒரே நாளில், ஒரே சாலையில் ஓட்டுங்கள். செவ்வாய்க்கிழமை ஒன்று, சனிக்கிழமை இன்னொன்று என்றால் மனதில் நிற்பது வண்டி இல்லை, அன்றைய டிராஃபிக்தான். டீலர் காட்டும் பாதை ஷோரூமைச் சுற்றி வழவழப்பான தார்ச்சாலையாக இருக்கும். அதை நன்றியோடு மறுத்துவிட்டு உங்கள் பாதையைச் சொல்லுங்கள். வேகத்தடை உள்ள குடியிருப்புத் தெரு கொஞ்சம், ஒட்டுப்போட்ட சாலை கொஞ்சம், அப்புறம் எம்13-இல் ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றம், இறங்கி வரும்போது பிரேக். ரேடியோவை அணைத்துவிட்டு 120-இல் டயர் சத்தத்தைக் கேளுங்கள், அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு போங்கள்.

அம்மாவைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முழங்கால் வலி உள்ள, புடவை கட்டிய ஒருவர் ஏறி இறங்குவதைப் பார்த்தால் எந்த விளம்பரப் புத்தகமும் சொல்லாத விஷயம் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஏர் சஸ்பென்ஷன் இருந்தால் வண்டியைத் தாழ்த்தலாம், ஆனால் நீங்கள் வாங்கும் வண்டியில் அது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. என் அபிப்பிராயத்தில் பின்சீட்டு சுகம் ஜிஎல்இ-க்கு, ஸ்டீரிங் பிடிக்கிற சுகம் எக்ஸ்5-க்கு. ஓட்டுவது நீங்களா, உட்கார்ந்து வருவது நீங்களா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

ஃபார்ச்சூனரிலிருந்து மாறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அதில் இண்டிகேட்டர் ஸ்டீரிங்கின் வலது பக்கம். ஜிஎல்இ-யில் வலது பக்கக் குச்சிதான் கியர். பழக்க தோஷத்தில் ரோபோட்டில் (டிராஃபிக் சிக்னலில்) திரும்பும்போது அதைத் தட்டினால் வண்டி நியூட்ரலுக்குப் போய் நிற்கும், பின்னால் டாக்ஸிக்காரர் ஹாரன் அடிப்பார். ஒரு வாரத்தில் கை பழகிவிடும், வண்டியை எடுத்துப்போகிற மகனுக்கும் தம்பிக்கும் சொல்லிவைத்தால் சரி. எக்ஸ்5-இல் எரிச்சல் வேறு இடத்தில்: 2023-க்குப் பிறகு ஏசியைக் கூட்டக் குறைக்கப் பெரும்பாலும் திரையைத்தான் தொடவேண்டும். ஜிஎல்இ-யில் ஏசிக்குத் தனிப் பட்டன்கள் இன்னும் இருக்கின்றன. ஓட்டிக்கொண்டே கண்ணை எடுக்காமல் ஏசியை மாற்ற முடிகிறதா என்பதை இரண்டிலும் செய்து பாருங்கள்.

டயர்தான் வாய் திறக்கும்

இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள், சொகுசு எஸ்யூவி வாங்கியவர்கள் அதிகம் அதிர்ச்சி அடைவது இங்கேதான்.

எக்ஸ்5-இல் 21 அங்குல எம் ஸ்போர்ட் சக்கரம் எடுத்தால் முன்னால் 275/40, பின்னால் 315/35 என்று இரண்டு அளவில் டயர் வரும். அழகுதான். ஆனால் முன்னால் இருப்பதைப் பின்னால் மாற்றிப் போட்டு தேய்மானத்தைச் சமப்படுத்த முடியாது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் ஒரு டயர் புதிதும் மற்றவை தேய்ந்தும் இருந்தால் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் நாளடைவில் கெட்டுப்போகும், அதனால் ஒன்று வெடித்தாலும் பெரும்பாலும் ஜோடியாகவோ நாலுமாகவோதான் மாற்றவேண்டியிருக்கும். போதாததற்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் டயரில் தனிக்குறி உண்டு, பிஎம்டபிள்யூ-வுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்ஓ. வண்டி வாங்குமுன்னே ஒரு டயர் கடைக்குப் போய், நீங்கள் பார்த்து வைத்திருக்கும் இரண்டு வண்டியின் டயர் அளவையும் கொடுத்து நாலுக்கும் விலை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சின்ன சக்கரத்துக்கும் கேளுங்கள். அந்தத் தாளைப் பார்த்த பிறகு 21 அங்குல ஆசை பலருக்கும் தானாகவே 19-க்கு இறங்கிவிடும், இந்த நாட்டுக் குழிகளுக்கு அதுதான் நல்லதும்கூட, டயரின் பக்கச்சுவர் உயரமாக இருந்தால் குழியில் விழும்போது ரிம் தப்பிக்கும்.

ஸ்டெப்னி இருக்கிறதா என்று தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ரன்-ஃப்ளாட் டயர் போட்ட வண்டியில் ஸ்டெப்னி இருக்காது. காற்று இறங்கினாலும் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சுமார் 80 கி.மீ. தூரம் போகலாம் என்பது கணக்கு. பைன்டவுனுக்கும் அம்ஷ்லாங்காவுக்கும் நடுவில் அது போதும். ஞாயிறு இரவு ஹாரிஸ்மித்தைத் தாண்டி வார்டனுக்கும் வில்லியர்ஸுக்கும் நடுவில் குழியில் இறங்கி பக்கச்சுவர் கிழிந்தால் ரன்-ஃப்ளாட்டும் காப்பாற்றாது, 315 அகல டயர் அந்தச் சின்ன ஊரில் கிடைக்கவும் கிடைக்காது. என்3-இல் அடிக்கடி போகிறவர்கள் ஸ்டெப்னி வைக்க வழி உள்ள வண்டிக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கவேண்டும். சானி பாஸ் மலைப்பாதையில் ஏறும் எண்ணம் உள்ளவர்கள் இந்த இரண்டையுமே விட்டுவிட்டு பிராடோவையோ டிஃபெண்டரையோ பாருங்கள்.

பிளானும் வங்கியும்

மெயின்டனன்ஸ் பிளான் வேறு, சர்வீஸ் பிளான் வேறு. சர்வீஸ் பிளானில் எண்ணெய், ஃபில்டர் மாதிரி வழக்கமான வேலை மட்டும். மெயின்டனன்ஸ் பிளானில் பிரேக் பேடு, வைப்பர் போல தேய்கிற பாகங்களும் சேரும். டயர் இரண்டிலும் சேராது. பிஎம்டபிள்யூ-வும் மெர்சிடிஸும் இங்கே 5 வருடம் அல்லது 1,00,000 கி.மீ. என்றுதான் தருவது வழக்கம், லெக்ஸஸ் 7 வருடம் அல்லது 1,05,000. வருடத்துக்கு 35,000 ஓட்டுகிறவருக்கு அந்த 5 வருடம் மூன்று வருடத்தில் முடிந்துவிடும். பிளானை நீட்டிக்க எவ்வளவு ஆகும் என்று வாங்கும் அன்றே இரண்டு இடத்திலும் எழுத்தில் கேளுங்கள். 2021 ஜூலை 1 முதல் வணிகப் போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல் நடைமுறையில் இருப்பதால் பிளானை வண்டி விலையிலிருந்து பிரித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், வெளியே சுதந்திரமான வொர்க்ஷாப்பில் சர்வீஸ் செய்ததை மட்டும் காரணம் காட்டி வாரண்டியை ரத்து செய்யவும் முடியாது. டெமோ வண்டி மலிவாகக் கிடைக்கும், ஆனால் பிளான் முதல் பதிவு தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிட்டது என்பதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

"அங்கிள், மாதம் எவ்வளவு கட்டினால் வசதி?" என்று விற்பனையாளர் கேட்பார். பதில் சொல்லாதீர்கள். நீங்கள் ஒரு எண் சொன்னால் அதற்குள் வண்டியை அடக்க அவருக்கு வழி தெரியும், அந்த வழியின் பெயர் பலூன். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி 18 லட்சம் ராண்ட், 10 சதவீதம் முன்பணம், மீதி 16.2 லட்சத்துக்கு 72 மாதக் கடன், வட்டி உதாரணத்துக்கு 11 சதவீதம். பலூன் இல்லாவிட்டால் மாதம் சுமார் 30,800. விலையில் 30 சதவீதத்தை, அதாவது 5.4 லட்சத்தை, பலூனாகக் கடைசிக்குத் தள்ளினால் மாதம் 25,500. மாதம் ஐயாயிரத்துச் சொச்சம் மிச்சம் போலத் தெரியும், ஆனால் மொத்தத்தில் சுமார் 1.56 லட்சம் கூடுதல் வட்டி போகும், ஆறாவது வருட முடிவில் 5.4 லட்சம் மொத்தமாகக் கட்டவும் வேண்டும். அன்றைக்கு வண்டி அந்த விலைக்குப் போகாவிட்டால் வித்தியாசம் உங்கள் கையிலிருந்து. ஒரு டீலர் பலூனோடும் இன்னொருவர் பலூன் இல்லாமலும் தவணை சொன்னால் அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைப்பதில் அர்த்தமே இல்லை, ஆகவே இருவரிடமும் ஒரே முன்பணம், ஒரே காலம், பலூன் பூஜ்யம் என்று சொல்லி வாங்குங்கள். இடையில் கடனை முடிக்க நினைப்பவர்கள் மூன்று மாதம் முன்னதாக வங்கிக்குத் தெரிவிக்கவேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு பெரிய கடனில் மூன்று மாத வட்டி வரைக்கும் கேட்கச் சட்டம் இடம் தருகிறது.

மறுவிற்பனை மதிப்புக்கு ஜோசியம் பார்க்கவேண்டாம். ஆட்டோடிரேடர் இணையதளத்தில் மூன்று வருடப் பழைய எக்ஸ்5 30டி-யையும் ஜிஎல்இ 300டி-யையும் தேடி, ஒரே அளவு ஓடிய நாலைந்து வண்டிகளின் விலையை எழுதி, அவை புதிதாக விற்ற விலையோடு பாருங்கள். ஆப்ஷனுக்குக் கொட்டிய பணம் அதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதும் அப்போதே தெரியும்.

வியாபாரம் செய்கிறவர்களுக்கு ஒன்று. வண்டியைக் கம்பெனி பெயரில் எடுத்தால் கணக்குப்பிள்ளை சந்தோஷப்படுவார், ஆனால் கம்பெனியின் சொத்தோ வருட விற்றுமுதலோ 20 லட்சம் ராண்டைத் தொட்டுவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பு கிடைக்காது. தனி ஆளாக வாங்கினால் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. தகராறு வந்தால் முதலில் டீலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், அதற்குப் பிறகு, இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் மோட்டார் தொழில் ஆம்பட்ஸ்மன்.

இன்சூரன்ஸ்

கையெழுத்துக்கு முன்னால் இரண்டு வண்டிக்கும் கோட்டேஷன் வாங்குங்கள், குறைந்தது இரண்டு கம்பெனியிடம். மாதக் கட்டணத்தை மட்டும் பார்க்காமல், விபத்து நடந்தால் உங்கள் கையிலிருந்து போகும் எக்ஸஸ் எவ்வளவு, எந்த வகை டிராக்கர் கட்டாயம் என்கிறார்கள், 25 வயதுக்குக் கீழே உள்ள மகன் ஓட்டினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். வண்டி திருடுபோனால் இன்சூரன்ஸ் தருவது அன்றைய சந்தை மதிப்பு, வங்கிக்கு நீங்கள் தரவேண்டியது அதைவிட அதிகமாக இருக்கலாம், அந்த இடைவெளிக்குத் தனிக் காப்பு உண்டு. கலவரச் சேதத்தை அரசு நிறுவனமான சஸ்ரியாவின் காப்புதான் ஏற்கும் என்பதை 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு நம் குவாஸுலு-நடால் மாகாணத்தில் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை, உங்கள் பாலிசியில் அது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் பதிவுச் சான்றிதழில் 'கோட் 2' (Code 2, சாதாரணப் பழைய வண்டி) என்று இருக்கிறதா பாருங்கள். 'கோட் 3' என்றால் மோசமாக அடிபட்டுத் திரும்பக் கட்டிய வண்டி. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்கு முந்தைய டர்பன் வண்டியாக இருந்தால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கறை பாருங்கள், விரிப்புக்கு அடியில் முகர்ந்து பாருங்கள். தனிநபரிடம் வூட்ஸ்டூட்ஸ், அதாவது உள்ளது உள்ளபடி, என்று எழுதி வாங்கினால் பின்னால் புலம்பிப் பயனில்லை, சுதந்திரமான மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.

பேரமும் டெலிவரியும்

ஒரே கம்பெனியின் இரண்டு டீலரிடமாவது எழுத்தில் விலை வாங்கி, வரிக்கு வரி பாருங்கள். எனக்குத் தந்த கோட்டேஷன் ஒன்றில் நான் கேட்காத பெயிண்ட் பாதுகாப்பும் "நிர்வாகக் கட்டணம்" என்று ஒரு வரியும் இருந்தது. எதற்கு என்று கேட்டதும் இரண்டும் மறைந்துவிட்டன. கண்ணாடியை உடைத்துப் பறித்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு எதிராக ஒட்டும் ஸ்மாஷ் அண்ட் கிராப் ஃபிலிம் இந்த ஊரில் அவசியம்தான், ஆனால் அதை வெளியே ஒட்டினால் என்ன விலை என்று விசாரித்துவிட்டு டீலரிடம் பேசுங்கள்.

டெலிவரியைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். இரண்டாவது சாவி, டயரில் தயாரிப்பு வாரமும் வருடமும் காட்டும் நாலு இலக்க எண், பிளான் தொடங்கும் தேதி, நீங்கள் பணம் கட்டிய ஒவ்வொரு ஆப்ஷன், எல்லாவற்றையும் தாளை வைத்துச் சரிபார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். முதல் தடவை டீசல் போடும்போது கந்தகம் குறைந்த 50 பிபிஎம் அல்லது 10 பிபிஎம் என்று சொல்லிப் போடச் சொல்லுங்கள், 500 இந்த இன்ஜின்களுக்கு ஆகாது. பம்பில் டீசல் விலைக்கு அரசாங்கக் கட்டுப்பாடு இல்லாததால் பம்புக்குப் பம்பு வித்தியாசம் இருக்கும், எங்கே மலிவு என்று பார்த்து வையுங்கள். அப்புறம் மவுண்ட் எட்ஜ்கம்போ அம்கேனி ரோடோ, உங்கள் கோயிலுக்குப் போய்ப் பூஜை போடும்போது சந்தனத்தையும் குங்குமத்தையும் நம்பர் பிளேட்டில் வைக்கச் சொல்லுங்கள், கற்பூரத் தட்டைப் பானட்டின்மேல் வைக்க விடாதீர்கள். மேட் பெயிண்ட் எடுத்தவர்கள் மஞ்சள் தண்ணீரையும் தவிர்த்துவிடுங்கள், அதைப் பாலிஷ் போட்டு எடுக்க முடியாது. எலுமிச்சம்பழம் நாலையும் டயருக்கு அடியில் வைத்து நசுக்குவதில் எந்தப் பிரச்சினையும் இல்லை.